ஒரே பழுது, ஓராண்டில் 23 முறை: ஏர்ஏசியா 8501 விமானத்தின் பராமரிப்புப் பதிவுகள்

கூடுவாஞ்சேரியான்

அனைவருக்கும் வணக்கம். 2014 டிசம்பர் 28 அன்று சுரபயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட இந்தோனேசியா ஏர்ஏசியா 8501 விமானம் ஜாவா கடலைக் கடக்கும்போது விழுந்தது. அதில் இருந்த 162 பேரும் இறந்தார்கள். அந்த நாட்களில் செய்திகளைப் படித்தவர்களுக்கு நினைவில் இருப்பது புயல் மேகம்தான். ஆனால் 2015 டிசம்பர் 1 அன்று இந்தோனேசியத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழு வெளியிட்ட இறுதி அறிக்கையில் வானிலை ஒரு காரணமாக இடம்பெறவில்லை. அறிக்கை தொடங்கும் இடம் விமானத்தின் வாலில் இருந்த ஒரு சிறிய மின்னணுப் பலகையில் விரிசல் விட்டிருந்த சால்டர் (பற்றாசு) இணைப்பு.

அந்தப் பலகை எதற்காக இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செங்குத்து வாலில் உள்ள சுக்கானை விமானம் மெதுவாகப் பறக்கும்போது அதிகமாகத் திருப்பலாம். வேகம் கூடியபின் அதே அளவு திருப்பினால் வாலின் கட்டமைப்பே தாங்காது. எனவே வேகத்திற்கு ஏற்பச் சுக்கானின் அசைவைக் குறுக்கும் கருவி ஒன்று ஏ320 விமானத்தில் உண்டு. எஃப்.ஏ.சி. எனப்படும் இரண்டு கணினிகள் அதை இயக்குகின்றன. பி.கே.-ஏ.எக்ஸ்.சி. என்ற பதிவெண் கொண்ட இந்த விமானத்தில் அந்தக் கருவி, விபத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 23 முறை பழுது காட்டியது. கடைசி மூன்று மாதங்களில் ஒரு பழுதுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

யாரும் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எச்சரிக்கை வந்தது, எழுதப்பட்டது, தரையில் சோதிக்கப்பட்டது, சோதனையில் தேறியது, கையெழுத்தானது, விமானம் மீண்டும் பறந்தது. இது ஓராண்டு முழுவதும் நடந்தது. ஒவ்வொரு பதிவும் தனித்தனியே முறைப்படி முடிக்கப்பட்டிருக்க, அத்தனை பதிவுகளையும் ஒரே பழுதின் வரலாறாகப் படிக்கும் பொறுப்பு எவரிடமும் செயல்படவில்லை. பராமரிப்புத் துறையில் பணிபுரிபவர்கள் இக்குழுமத்தில் இருக்கிறார்கள். இது எப்படி நேர்கிறது என்பதை உங்கள் அனுபவத்திலிருந்து விளக்க வேண்டுகிறேன். பணிபுரியும் நிறுவனங்களின் பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சிலேத்தார்க்காரன்

வணக்கம் ஐயா. ஏவியானிக்ஸ் எனப்படும் விமான மின்னணுப் பிரிவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன், லைன் மெயின்டனன்ஸ் (பயணங்களுக்கு இடையில் செய்யும் பராமரிப்பு), ஹேங்கர் (கொட்டகையில் செய்யும் பெரிய பராமரிப்பு) இரண்டும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பயணிகள் அறையைப் போல அழுத்தமும் வெப்பமும் சீராக வைக்கப்படும் பகுதி அல்ல, செங்குத்து வாலின் உள்ளே இருக்கிறது. சுரபயாவிலோ சிங்கப்பூரிலோ தரையில் நிற்கும்போது முப்பது டிகிரி வெப்பம். முப்பதாயிரம் அடிக்கு மேல் போனால் வெளியே உறைநிலைக்குக் கீழே ஐம்பது டிகிரி அளவில் குளிர். குறைந்த தூரப் பயணங்களில் ஒரே நாளில் பலமுறை இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது. உலோகமும் பலகையும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் சால்டர் இணைப்பு களைத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடுகிறது. அந்தக் கருவியில் ஏ, பி என்று இரண்டு மின்வழிகள் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும் என்பது வடிவமைப்பின் நம்பிக்கை. ஆனால் இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில், ஒரே குளிரில் வாழ்ந்தவை. விசாரணையாளர்கள் இரண்டிலுமே விரிசலைக் கண்டார்கள்.

இப்படிப்பட்ட விரிசல் எப்போதும் திறந்தே இருப்பதில்லை. மேலே குளிரில் விலகும், கீழே வந்ததும் ஒட்டிக்கொள்ளும். விமானம் இறங்கியபின் நாங்கள் காக்பிட்டில் ஏறி பைட் என்னும் உட்சோதனையை ஓட்டும்போது, கணினி அனுப்பும் கேள்விக்குக் கருவி ஒழுங்காகப் பதில் சொல்லும். திரையில் 'டெஸ்ட் ஓகே' என்று வரும். பழுதறியும் கையேடு சொன்ன படிகளைச் செய்து, சோதனை தேறிவிட்டால் அந்த ஸ்னாக் (பழுதுப் புகார்) முடிந்துவிட்டதாகவே கணக்கு. தொழிலில் இதற்கு 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' என்று பெயர். மின்னணுக் கருவிகளில் இது மிகவும் சாதாரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறைந்த கட்டண நிறுவனங்களில் ஒரு ஏ320 இறங்கி மீண்டும் கிளம்ப ஒதுக்கப்படும் நேரம் அரை மணியை ஒட்டித்தான் இருக்கும். அந்த நேரத்தில் வரும் பொறியாளர் நேற்று அந்த விமானத்தைப் பார்த்தவராக இருக்க மாட்டார். அவர் கையில் இருப்பது இன்றைய பதிவு. நேற்றைய பதிவு வேறொரு விமான நிலையத்தில் வேறொருவர் கையெழுத்திட்டு முடித்தது. எனவே ஒவ்வொருவரும் தன் பணியை நேர்மையாகச் செய்து, அனைவரும் சேர்ந்து பழுதைத் தீர்க்காமல் விடுவது நடக்கக்கூடியதே. பதிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டிய இடம் மெயின்டனன்ஸ் கன்ட்ரோலும் நம்பகத்தன்மைப் பிரிவும்தான். அவை உறங்கினால், லைனில் நிற்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் பயனில்லை.

மணிமுத்தாறு

இருவர் எழுதியதையும் மதிக்கிறேன். ஆனால் விவாதம் ஒரு பக்கமாகச் சாய்வதாகத் தோன்றுவதால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நான் விமானிகளுக்குச் சிமுலேட்டரில் பயிற்சி அளித்தவன்.

சுக்கான் வரம்புக் கருவி செயலிழந்தால் விமானம் விழாது. ஆட்டோபைலட் இல்லாமல், சுக்கானைத் தொடாமல், கையால் ஓட்டியே இறக்கலாம். அன்று அந்த எச்சரிக்கை ஏறத்தாழ பதினைந்து நிமிடங்களுக்குள் நான்கு முறை வந்தது. முதல் மூன்று முறையும் விமானிகள், பழுதையும் செய்ய வேண்டியதையும் காட்டும் ஈகாம் திரை சொன்னபடி செய்தார்கள், எதுவும் நேரவில்லை. நான்காவது முறைக்குப் பின்னர்தான் பதிவுக் கருவியில் வேறு தடயம் தெரிகிறது: எஃப்.ஏ.சி. கணினிகளின் சர்க்யூட் பிரேக்கர் (மின் துண்டிப்பு விசை) இழுத்து மீண்டும் அழுத்தப்பட்டதை ஒத்த மின் துண்டிப்பு. ஆட்டோபைலட் விலகியது, விமானத்தின் கட்டுப்பாடு பாதுகாப்பு வரம்புகள் நிறைந்த இயல்பு நிலையிலிருந்து மாற்று நிலைக்கு இறங்கியது, சுக்கான் இரண்டு டிகிரி இடப்புறம் விலகியது. ஒன்பது விநாடிகள் யாரும் கட்டுப்பாட்டைத் தொடாததால் விமானம் 54 டிகிரி வரை சாய்ந்தது. பிறகு துணை விமானி மூக்கை உயர்த்திக்கொண்டே போனார், விமானம் 32,000 அடியிலிருந்து 38,000 அடிக்கு மேல் ஏறி, இறகுகளின் தூக்குவிசை அற்றுப்போய், அந்த நிலையிலேயே கடலை அடைந்தது. கேப்டன் ஆங்கிலத்தில் 'புல் டவுன்' என்று நான்கு முறை சொன்னார். 'புல்' என்றால் இழு, 'டவுன்' என்றால் கீழே. தன் கைப்பிடியைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த ஆணை எதைச் சொல்லியிருக்கும்? இருவரின் கைப்பிடிகளும் எதிரெதிர்த் திசையில் இயக்கப்பட்டபோது, கணினி இரண்டையும் கூட்டிக்கழித்து ஏற்றுக்கொண்டது.

இதைப் பராமரிப்பு விபத்து என்று சொல்வது விமானிப் பயிற்சியின் குறைகளை மறைத்துவிடும் என்று அஞ்சுகிறேன். இத்தகைய விமானங்களுக்கு நிலைகுலைவு மீட்புப் பயிற்சி தேவையில்லை என்று தயாரிப்பாளரின் பயிற்சிக் கையேடே சொல்லியிருந்ததை அறிக்கை சுட்டிக்காட்டுகிறது. முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

கூடுவாஞ்சேரியான்

> சுக்கான் வரம்புக் கருவி செயலிழந்தால் விமானம் விழாது.

ஐயா, இதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பறக்கும் விமானத்தில் ஒரு கேப்டன் சர்க்யூட் பிரேக்கரை நோக்கிக் கை நீட்டக் காரணம் என்ன என்பதற்கு அதே அறிக்கையில் பதில் இருக்கிறது.

விபத்துக்கு மூன்று நாட்கள் முன்பு, டிசம்பர் 25 அன்று, இதே கேப்டன் இதே விமானத்தில் சுரபயாவில் இருந்தார். அதே எச்சரிக்கை வந்தது. தரைப் பொறியாளர் காக்பிட்டுக்கு வந்து எஃப்.ஏ.சி. சர்க்யூட் பிரேக்கரை இழுத்து அழுத்தினார்; எச்சரிக்கை மறைந்தது. இதை நானும் செய்யலாமா என்று கேப்டன் கேட்டார். ஈகாம் சொல்லும்போது செய்யலாம் என்பது பொறியாளரின் பதில். அன்று ஒரு கணினியை மாற்றிக்கூடப் பார்த்தார்கள். வாலில் இருந்த பலகை அப்படியே இருந்தது.

தரையில், விமானம் நிற்கும்போது சரியான ஒரு செயல், ஆகாயத்தில் இரண்டு கணினிகளையும் ஒரே நேரத்தில் அணைப்பதாக ஆகிவிட்டது. மீண்டும் மின்சாரம் வந்தாலும், மேலே உள்ள பொத்தான்களை ஒருமுறை அணைத்து இயக்கினால்தான் அக்கணினிகள் பணிக்குத் திரும்பும் என்பது அந்த அவசரத்தில் செய்யப்படவில்லை.

ஆகவே பராமரிப்பையும் விமானியையும் தனித்தனி அத்தியாயங்களாக என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பழுது ஓராண்டு நீடிக்கும்போது அது இயந்திரத்தில் மட்டும் இருப்பதில்லை. அதைச் சமாளிக்கும் குறுக்குவழிகளை மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ அந்தப் பலகை கழற்றப்பட்டிருந்தால், டிசம்பர் 25 அன்று கேப்டன் அந்தக் கேள்வியைக் கேட்கும் சூழலே எழுந்திருக்காது.

மணிமுத்தாறு

டிசம்பர் 25 நிகழ்வை நான் போதிய அளவு எடைபோடவில்லை என்பது உண்மை. பயிற்சி பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கேள்வியும் பதிலும் பராமரிப்புக்கும் காக்பிட்டுக்கும் இடையில் நடந்தவை என்பதை ஏற்கிறேன். தரைப் பொறியாளர் செய்வதைப் பார்த்து விமானி கற்றுக்கொள்வது எல்லா நிறுவனங்களிலும் நடக்கிறது. எந்தப் பிரேக்கரை ஆகாயத்தில் தொடவே கூடாது என்ற பட்டியலைப் பயிற்சியில் வாய்மொழியாக அல்ல, செய்துகாட்டிச் சொல்லித்தர வேண்டும்.

மின்சுற்று மாணவி

வணக்கம். மின்னணுவியல் இறுதியாண்டு படிக்கிறேன். சிலேத்தார்க்காரன் அண்ணாவிடம் ஒரு கேள்வி. சந்தேகப்படும் பாகத்தை உடனே மாற்றிவிடுவது என்ற விதி இருந்திருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்கும் அல்லவா? மூன்று முறை வந்தால் பாகத்தை மாற்று என்று எழுதிவிட்டால், யாரும் வரலாற்றைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்காதே.

சிலேத்தார்க்காரன்

நல்ல கேள்வி தங்கை. இந்த விமானத்தைப் பொறுத்தவரை அந்த விதி உதவியிருக்கும். ஆனால் மாற்றுவது மட்டுமே தீர்வு என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தோனேசியாவிலேயே சான்று இருக்கிறது.

2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் 610 விழுந்து 189 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே அழுத்திய எம்கேஸ் என்ற மென்பொருளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதன் வடிவமைப்புக் குறையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் விவாதத்திற்கு வேண்டியது அதற்கு முந்தைய நான்கு நாட்கள். இரண்டு மாதங்களே பறந்திருந்த புதிய 737 மேக்ஸ் அது. அக்டோபர் 26 முதல் கேப்டன் பக்கத்துத் திரையில் வேகமும் உயரமும் மறைந்து எச்சரிக்கைக் கொடிகள் வந்தன. ஒவ்வொரு நிலையத்திலும் ஏதோ ஒன்று செய்யப்பட்டது, சோதனை தேறியது, பறந்தது, மீண்டும் வந்தது. கடைசியில் பாலித் தீவின் டென்பசாரில் ஒரு பொறியாளர் சரியான இடத்தையே தொட்டார்: இடப்பக்கத் தாக்குகோண உணரியை (எதிர்க்காற்றை இறகு சந்திக்கும் கோணத்தை அளக்கும் கருவியை) கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார்.

மாட்டப்பட்ட உணரி புதியது அல்ல. வேறொரு விமானத்தில் இருந்து கழற்றப்பட்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டது. அங்கு அளவு திருத்தும்போது சோதனைக் கருவியின் ஒரு சுவிட்ச் தவறான நிலையில் இருந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. அதனால் உணரி 21 டிகிரி பிழையாகக் காட்டியது. மாட்டிய பின் செய்ய வேண்டிய சோதனை உண்மையிலேயே செய்யப்பட்டதா என்பதை விசாரணையாளர்களால் உறுதி செய்ய முடியவில்லை. சான்றாகக் கொடுக்கப்பட்ட படங்கள் அந்த விமானத்தினுடையவை அல்ல. முந்தைய பழுது சிறியது. மாற்றியபின் வந்தது உயிர் குடித்தது.

எனவே பாகத்தை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வரலாற்றைப் படித்தே ஆக வேண்டும். விமானத்தின் வரலாறு மட்டும் போதாது, மாட்டப்படும் பாகத்தின் வரிசை எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு.

மணிமுத்தாறு

லயன் ஏர் பற்றி நான் ஒன்று சேர்க்க வேண்டும். இம்முறை என் துறையின் குறை. விபத்துக்கு முந்தைய இரவு டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்கு வந்த பயணத்தில் கேப்டனின் கட்டுப்பாட்டுத் தண்டு ஏறத்தாழ பயணம் முழுவதும் அதிர்ந்துகொண்டே இருந்தது. வாலின் மின்விசைத் திருத்தத்தைத் துண்டிக்கும் சுவிட்சைப் போட்ட பின்பே விமானம் அடங்கியது. இறங்கியதும் பதிவேட்டில் எழுதப்பட்டவை வேகம் முரண்படுகிறது, உயரம் முரண்படுகிறது, உணர்விசை வேறுபாட்டு விளக்கு (தண்டில் விமானி உணரும் விசையைத் தரும் அமைப்பின் எச்சரிக்கை) எரிந்தது என்பவை மட்டுமே. தண்டு அதிர்ந்ததும் சுவிட்ச் துண்டிக்கப்பட்டதும் எழுதப்படவில்லை. ஜகார்த்தாவில் பொறியாளர் தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதற்கு ஏற்ப ஒரு காற்றுக் குழாய்த் தொகுதியைச் சுத்தம் செய்தார், ஒரு மின் இணைப்பைத் துடைத்தார், சோதனை தேறியது. காலையில் வந்த விமானிகளுக்கு முந்தைய இரவு அந்த விமானம் எப்படி நடந்துகொண்டது என்பது தெரியாது.

கேட்பவர் கேட்கவில்லை என்று நாங்கள் பராமரிப்பைக் குறை சொல்கிறோம். சொல்ல வேண்டியதை நாங்களே முழுமையாகச் சொல்வதில்லை. எந்த விளக்கு எரிந்தது என்பதோடு, நான் என்ன உணர்ந்தேன், எதைச் செய்தபின் அடங்கியது என்பதையும் எழுதுவது விமானியின் கடமை.

நீலாங்கரை

நான் இத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். அடிக்கடி பறக்கும் பயணி. பழுதோடு விமானத்தைப் பறக்கவிட விதிகளே அனுமதிக்கின்றன என்று கேள்விப்பட்டேன். அது உண்மையானால், இங்கே பேசப்படும் அனைத்துக்கும் அதுதானே வேர்?

சிலேத்தார்க்காரன்

உண்மைதான் ஐயா, ஆனால் வேர் அது அல்ல. எம்.இ.எல். என்று ஒரு பட்டியல் உண்டு. எந்தெந்தக் கருவிகள் இயங்காதபோது, எந்த நிபந்தனைகளுடன், எத்தனை நாட்கள் பறக்கலாம் என்று அது வரையறுக்கிறது. பி வகை என்றால் மூன்று நாட்கள், சி என்றால் பத்து, டி என்றால் 120. ஒத்திவைத்த பழுது கண்ணெதிரே நிற்கும், கெடு இருக்கும், விமானிக்கும் தெரியும். ஏர்ஏசியாவின் அந்த ஏ.எக்ஸ்.சி. விமானத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அந்தப் பழுது ஒத்திவைக்கப்பட்டதாக இல்லாமல், தீர்க்கப்பட்டதாகவே ஒவ்வொரு முறையும் எழுதப்பட்டது. தீர்ந்ததாக எழுதிய பழுதுக்குக் கெடு கிடையாது.

2021 ஜனவரி 9 அன்று 62 பேருடன் விழுந்த ஸ்ரீவிஜயா ஏர் 182 விமானத்தையும் பாருங்கள். எஞ்சின் விசையைத் தானே சீராக்கும் ஆட்டோத்ராட்டில் அந்தப் பழைய 737-500இல் பல ஆண்டுகளாகவே தொல்லை கொடுத்தது. மின் இணைப்பைத் துடைப்பதும் பாகங்களை மாற்றுவதும் திரும்பத் திரும்ப நடந்தன. விசைத்தண்டின் இயந்திரப் பகுதியில் இருந்த உராய்வு பார்க்கப்படவில்லை. அன்று ஒரு பக்க எஞ்சினின் தண்டு நகராமல் நிற்க, மறுபக்கம் குறைந்துகொண்டே போக, விமானம் சாய்ந்தது. பழுது மின்னணுவில்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டு மின்னணுவையே துடைத்துக்கொண்டிருந்தார்கள். இதை எழுதும்போது ஏவியானிக்ஸ்காரனாக எனக்கு வலிக்கிறது, ஏனெனில் எங்கள் பயிற்சியே எங்களை அந்தப் பக்கமாகத் தள்ளுகிறது.

நீலாங்கரை

விளக்கத்திற்கு நன்றி. ஒத்திவைப்பைவிட மூடல்தான் ஆபத்தானது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

கூடுவாஞ்சேரியான்

நம் நாட்டிலும் இக்கேள்வி வந்திருக்கிறது. அகமதாபாத் விபத்துக்கு மறுநாள், 2025 ஜூன் 13 அன்று, ஏர் இந்தியாவின் 787 விமானங்களுக்கு டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) பிறப்பித்த ஆணையில், கடந்த 15 நாட்களில் மீண்டும் மீண்டும் வந்த ஸ்னாக்குகளை மறுஆய்வு செய்து பராமரிப்புப் பணிகளை முடிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த விபத்தின் காரணத்தைப் பற்றி நான் எதுவும் கூறவில்லை; என் கவனம் அந்த 15 நாள் எல்லையில் இருக்கிறது. ஏ.எக்ஸ்.சி.யின் கடைசி மாதத்தை அப்படிப் பார்த்திருந்தால் பழுது கண்டிப்பாகச் சிக்கியிருக்கும். ஆனால் ஆண்டின் முற்பகுதியில், பழுதுகள் விலகி விலகி வந்தபோது, 15 நாள் சல்லடையில் ஒவ்வொன்றும் தனியாகவே தெரிந்திருக்கும். குறுகிய காலத்தைப் பார்க்கும் கண் ஒன்று, ஓராண்டைப் பார்க்கும் கண் ஒன்று, இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம். கணினிமயமான பதிவேடுகள் இருக்கும் இக்காலத்தில் இது கடினமா?

மின்சுற்று மாணவி

எண்ணுவது மென்பொருளுக்கு எளிதுதானே? ஒரே வகைப் பழுது இத்தனை முறை வந்தால் சிவப்பு விளக்கு என்று எழுதிவிடலாம்.

சிலேத்தார்க்காரன்

'ஒரே வகை' என்பதில்தான் சிக்கல். விமானத்தின் ஒவ்வொரு அமைப்புக்கும் ஏ.டி.ஏ. அத்தியாய எண் உண்டு; 22 என்றால் தானியங்கிப் பறப்பு, 27 என்றால் பறப்புக் கட்டுப்பாடுகள், 34 என்றால் வழிகாட்டுக் கருவிகள். மென்பொருள் பெரும்பாலும் இந்த எண்களைக் கொண்டுதான் எண்ணுகிறது. லயன் ஏர் விமானத்தில் வேகம், உயரம் பற்றிய கொடிகள் 34இல் போகும். வேகத் திருத்த விளக்கு 22இல் போகும். உணர்விசை வேறுபாடு 27இல் போகும். தாக்குகோணம் தவறாக வந்த ஒரே கோளாறு மூன்று அத்தியாயங்களில் மூன்று பழுதுகளாகப் பிரிந்து நின்றது. எந்த எண்ணிலும் சிவப்பு விளக்கு எரியும் அளவுக்குக் கணக்கு சேர்ந்திருக்காது.

ஆகவே மென்பொருள் வேண்டும், அதோடு ஒவ்வொரு விமானத்துக்கும் பெயர் சொல்லி ஒரு பொறியாளர் வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் ஒரு மூத்தவர் வாரத்திற்கு ஒருமுறை ஒரு விமானத்தின் பதிவேட்டை அத்தியாய எண்ணைப் பாராமல் முதலிலிருந்து கடைசிவரை கதையைப் போல வாசிப்பார். கையெழுத்திட்டு மூடிய ஸ்னாக்குகளையும் விடமாட்டார். சந்தேகம் வந்தால் விமானியைத் தொலைபேசியில் அழைத்து, அது எந்த உயரத்தில் வந்தது, ஏறும்போதா இறங்கும்போதா, வெளியே எவ்வளவு குளிர் என்று கேட்பார். அவர் கழற்றச் சொன்ன பாகங்கள் தரைச் சோதனையில் தேறியவைதான். பட்டறைக்கு அனுப்பும்போது 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' என்று திருப்பிவிடாதபடி, குளிரூட்டிய அறையில் வைத்துச் சோதிக்கவும் என்று சீட்டில் தன் கையால் எழுதி ஒட்டுவார். அந்த வாசிப்புக்கு அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் அலுவலக அட்டவணையில் இருந்தது. விமானம் தாமதமானாலும் அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. தங்கை கேட்ட மென்பொருளை வாங்கும் நிறுவனங்கள் இந்த நேரத்தையும் அட்டவணையில் எழுதுகின்றனவா என்பதைத்தான் ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் முதலில் கேட்க வேண்டும்.